இடது புருவத்துத் தழும்பு

அருணா ஜவ்வாது மலையில் பிறந்தவள். பன்னிரண்டாவது முடித்ததும் ஒடுகத்தூருக்கு இறங்கிவந்து, மணிவேலின் பிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பதினோரு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கையில்தான். கேட்டால் ஒரே பேனரில் நாற்பது முகமும் வைப்பாள். ஆனால் யாரைப் பார்ப்பதென்று கண் திணறுமே என்று உள்ளுக்குள் பொருமுவாள்.

ஆடி மாதம் ஒரு காலை, செந்தாமரை மழையில் நனைந்தபடி கடைக்குள் வந்தாள். அவளும் மலைக்காரிதான். கணவன் வேடியப்பன் புளிய மரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவன். சொந்தப் பேரே நினைவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வேலூர் பஸ் நிலையத்தில் தொலைந்து நான்கு நாளாகிவிட்டது. போலீஸில் எழுதிக் கொடுத்தும் தகவல் இல்லை.

"மாத்திர நின்னா வலிப்பு வரும்னாங்கம்மா," என்றாள். போனில் இருவரும் சேர்ந்து நிற்கும் ஒரு படம். கூடவே ஒரு பக்கம் நிறைய எழுத்து: ஊர், குலதெய்வம், கட்டியிருந்த வேட்டி, இடது புருவத்துத் தழும்பு, அவன் குணம்.

"கேட்டத அப்படியே போட்டுக் குடு. பத்தரை வேலூர் பஸ்ஸ வுட்டா மதியம்தான்," என்றார் மணிவேல்.

அருணா கேட்கவில்லை. "அக்கா, போற வர்றவன் ரெண்டு நொடிதான் பாப்பான். முகம், தழும்பு, போன் நம்பர். இது போதும்."

"நல்ல மனுசன்னு எழுத வேணாமா?"

"தேடுறவனுக்குத் தழும்புதான்க்கா அடையாளம்."

படத்திலிருந்து செந்தாமரையை வெட்ட வேண்டியிருந்தது. "என்னை இன்னாத்துக்கு எடுக்கறே?" செந்தாமரையின் கை தாலிக்குப் போனது. "ரெண்டு முகம் இருந்தா கண்ணு ரெண்டா பிரியும்க்கா." செந்தாமரை சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து, சுற்றிலும் வெற்றிடம். நம்பர் வலப்பக்கம் இருந்தது. அவன் முகமோ இடப்பக்கம் பார்த்தது. நம்பருக்கு முதுகைக் காட்டுவதுபோல் இருக்கவே, பழக்கதோஷத்தில் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பிப் போட்டாள். முகம் இப்போது நம்பரைப் பார்த்தது. மிஷின் ஓடத் தொடங்கியது.

முதல் தாளை வாங்கிப் பார்த்த செந்தாமரை முகம் சுளித்தாள். "எங்கூட்டுக்காரரு மாதிரியே இல்லியே."

அருணா எட்டிப் பார்த்தாள். எழுத்தில் இடது புருவம். படத்தில் தழும்பு வலது புருவத்தில்.

"அண்ணே, மிஷின நிறுத்துங்க!"

"மணி பத்தே கால்!" என்று கத்தினார் மணிவேல்.

படத்தைப் பழையபடி திருப்பி, நம்பரை இடப்பக்கம் நகர்த்தினாள். விரல்கள் இரண்டு முறை தப்பான பொத்தானை அழுத்தின. இருபது தாள் வெளியே வந்தபோது பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சுருட்டிக்கொண்டு ஓடினாள், செந்தாமரையோடு அவளும் ஏறிவிட்டாள். வேலூரில் நனையாத சுவராகத் தேடி, கண் மட்டத்தில் இருவரும் ஒட்டினார்கள்.

மறுநாள் மாலை ஒரு பூக்காரம்மா செந்தாமரைக்குப் போன் செய்தாள். மார்க்கெட்டில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஆள் வலிப்பு வந்து கிடக்கிறான். இடது புருவத்தில் தழும்பு.

மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து செந்தாமரை கூப்பிட்டாள். "கண்ணு தொறந்துட்டாரு. நான் யாருன்னு தெரில. ஆனா கைய வுட மாட்றாரு."

அருணா போனைக் காதோடு இறுக்கிக்கொண்டாள். மணிவேல் டீ வாங்க எழுந்து போனார்.