நாலடித் தொட்டியும் பழைய தண்ணீரும்

“…எனக்க கிணத்துல பொடி இடதுக்கு இனி ஒனக்க மீனுட்ட அனுவாதம் கேக்கணுமோ?” என்று முடித்தார் எஸ்தர் மாமி.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆராதனைக்குப் போக வெள்ளைச் சேலை உடுத்தி, அலுமினியப் போணி நிறைய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து எடுத்துக்கொண்டு கிணற்றடியில் நிற்கிறார். எதிரே நான், கயிறும் வாளியுமாக. நான் கேட்டது பெரிய சங்கதி இல்லை. இன்றைக்கு ஒரு நாள் பொடி போடாதீர்கள், என் புதிய மீன்தொட்டியை நிரப்பிக்கொள்கிறேன் என்றேன். மாமி எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பின்னால் அவருடைய பெரிய வீடு. அதை ஒட்டிய இரண்டு அறைகளில் நானும் என் மனைவி பாக்கியமும். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கிணறு.

கடல் தாண்டிப் போனவர்கள் எழுதுவதை நானும் வாங்கிப் படித்திருக்கிறேன். பனியைப் பற்றி எழுதுகிறார்கள், ஈச்சமரத்தைப் பற்றி எழுதுகிறார்கள். நான் தாண்டியது கேரள எல்லையில் களியக்காவிளை சோதனைச் சாவடி மட்டும். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்தால் ஒரு பகலில் வந்துவிடலாம். ஆனாலும் சொல்கிறேன், இது வேறு நாடுதான். எங்கள் ஊரில் கிணறு என்றால் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும், அடியில் இருட்டுதான் தெரியும். இங்கே வீட்டுக்கு வீடு கிணறு. மழைக்காலத்தில் குனிந்தால் கைக்கு எட்டும்போல் நிற்கும். தண்ணீருக்கு இவர்கள் சொல்வதே ‘வெள்ளம்’. எங்களுக்கு அந்தச் சொல் செய்தித்தாளில் மட்டும் வரும். இவ்வளவு நல்ல தண்ணீரில் பொடியைக் கொட்டி மருந்துநாற்றம் வரவைக்கிறார்களே என்பதுதான் நான் இங்கே பார்த்த முதல் அதிசயம். மழை விழுந்துவிட்டால் மாமிக்கு ஞாயிறு தவறாது. எல்லாரும் ஆராதனைக்குப் போயிருக்கும் நேரத்தில் யாரும் தண்ணீர் இறைக்க மாட்டார்களாம். பொடி நிம்மதியாக வேலை செய்யுமாம்.

அதே பொடியிடம்தான் வந்த வருஷமே தோற்றேன். நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். சாமி படம், கர்த்தர் படம், கல்யாணப் படம் எல்லாவற்றுக்கும் சட்டம் போடுவது நாங்கள்தான். வெட்டி மிஞ்சிய துண்டுகளை சிலிக்கான் பசையில் ஒட்டி ஒன்றரை அடிக்கு ஒரு தொட்டி செய்தேன். நெய்யாற்றின்கரைக்குப் போய் கப்பி மீனும் இரண்டு கறுப்பு மோலியும் பிளாஸ்டிக் உறையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் என்று மலையாளத்தில் சொன்னார். வந்ததும் வராததுமாகக் கிணற்றில் இறைத்து, அந்தப் பச்சைத் தண்ணீரிலேயே மீனை விட்டேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. தொட்டியை முகர்ந்து பார்த்த பாக்கியம்தான், “பவுடர் வாடை வீசுதே” என்றாள். மாமியிடம் போய் நின்றேன்.

“நான் பொடி இட்டது கிருமி சாவதுக்காக்கும்,” என்றார் மாமி. “ஒனக்க மீனு கிருமிய விட வலுதா மக்கா?”

கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும் என்னால் ரசிக்காமல் இருக்க முடியாது. என் பலவீனம் அது. இரண்டு நாள் யோசித்த பிறகே பிடிபட்டது. ஊரில் இருந்தபோது ஹார்லிக்ஸ் பாட்டிலில் நான் வளர்த்த மீன் ஒன்றுகூடச் செத்ததில்லை. அங்கே குழாயில் வருவதும் மருந்து போட்ட தண்ணீர்தான். ஆனால் வாரத்துக்கு ஒரு தரம்தானே வரும்? பிடித்து சிமெண்ட் தொட்டியில் வைத்து, அளந்து அளந்து எடுப்போம். பாட்டிலுக்கு என் பங்கு கிடைக்கும்போது அது பழைய தண்ணீர். இருந்த இருப்பிலேயே காரம் போயிருக்கும். அங்கே பற்றாக்குறை காப்பாற்றிக் கொடுத்த மீனை இங்கே நான் செழிப்பில் சாகடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு தண்ணீரை நாலு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் ஊற்றுகிறேன். அந்த ஒன்றரை அடித் தொட்டி இன்றும் ஜன்னலோரம் இருக்கிறது. அதில் மோலி குட்டி போட்டு, குட்டிகளும் குட்டி போட்டாயிற்று.

அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா போனவர்கள் குறைவு. சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, இது கறிக்குக் கொள்ளாமோ என்றார். பார்ப்பதற்கு என்றேன். எதைப் பார்ப்பதற்கு என்று கேட்டார். பிறகு ஏதோ வியாதிக்கு மருந்தாக வளர்க்கிறேன் என்று தானே முடிவுசெய்து, குணமாகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரிலிருந்து என் அண்ணன் வந்தபோது நடந்தது இதற்கு நேர் எதிர். மீன்களை அவன் பார்க்கவே இல்லை. ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, தொட்டியையே வெறித்துக்கொண்டு நின்றான். “ஏலே, இம்புட்டுத் தண்ணிய இதுகளுக்கா குடுத்துருக்க?” என்றான். அண்ணன் ஊருக்குப் போய் என்ன சொன்னானோ, எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போதெல்லாம் அம்மா என் புத்தியை விசாரிக்கிறாள். இங்கே இருப்பவர்களுக்கு நான் மீனை வீணாக்குகிறேன், அங்கே இருப்பவர்களுக்குத் தண்ணீரை. இரண்டு ஊரும் சேர்ந்து என்னைப் பற்றி ஒத்துப்போகிற விஷயம் இது ஒன்றுதான்.

அப்படியானால் பெரிதாகவே செய்வோம் என்று தோன்றிவிட்டது. நாலடி நீளம், ஒன்றரை அடி உயரம். கீழே ஆற்றுமணல், மூலையில் ஒரு கல், பின்னால் பாசிச்செடி, நடுவில் ஏஞ்சல் மீன்கள் துடுப்பைச் சேலை முந்தானை மாதிரி விரித்துக்கொண்டு போகவேண்டும். எத்தனையோ வருஷமாகக் கண்ணை மூடினால் தெரிகிற தொட்டி அது. கடையை மாற்றிக் கட்டியபோது பழைய ஷோகேஸின் தடித்த கண்ணாடியை முதலாளி எனக்கே கொடுத்தார். கொடுக்கும்போது, பாண்டிக்காரனுக்கு எதுக்குப்பா இவ்வளவு பெரிசு என்றார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவனுக்கு இங்கே பெயர் அதுதான். எஸ்தர் மாமி பேசுவதும் தமிழ், நான் பேசுவதும் தமிழ்; இருந்தாலும் மாமி வழி சொல்லும்போது எங்கள் வாசலை ‘பாண்டிக்காரன் வீடு’ என்றுதான் சொல்வார். வெறுப்பில் சொல்வதில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவனைப் பார்த்துப் பேசுகிற குரல் அது. எப்படியும் பஸ் வந்ததும் எழுந்து போய்விடுவான் என்ற குரல்.

என்னைப்போல் ஊர் விட்டு வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நாம் வாங்குகிற கட்டில் மடக்குக் கட்டில். அலமாரி தகரம். பாத்திரம்கூட ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதாகப் பார்த்துத்தான் எடுக்கிறோம். ஒரு சின்ன லாரிக்குள் அடங்கிவிடுகிற மாதிரியே வாழ்ந்து பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தின் தலையில் அடிக்கத்தான் இந்தத் தொட்டி. தண்ணீர் நிரம்பிய நாலடித் தொட்டியை எந்த லாரியும் ஏற்றாது. இதை மாமியும் என்னைப்போலவே புரிந்துகொண்டார். போன வாரம் முன்னறையில் காலித் தொட்டியைப் பார்த்ததும் முகம் மாறியது. வேண்டாம் என்று சொல்லவில்லை. வெள்ளம் நிறைத்தால் பின்னே தூக்க ஒக்காதே, நீ போகும்போது யார் மாற்றுவார் என்று மட்டும் கேட்டார். பாக்கியம் பயந்துவிட்டாள். இருக்கிற தொட்டி போதுமே, வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டால் எங்கே போவது என்றாள். அவள் கேட்டது நியாயம். ஆனால் எனக்குக் கடை விடுமுறை ஞாயிறு மட்டும். இவ்வளவு தண்ணீரைத் தனியே திறந்து வைக்க வீட்டில் பாத்திரமும் இல்லை. இன்றைக்கு நிரப்பாவிட்டால் அடுத்த ஞாயிறும் பொடி இருக்கும், அதற்கடுத்த ஞாயிறும் இருக்கும். காலித் தொட்டியில் பாக்கியம் வெங்காயம் போட்டு வைக்கத் தொடங்கிவிடுவாள்.

அதனால்தான் கிணற்றடியில் மாமி அப்படிக் கேட்டபோது நான் நகரவில்லை.

“போடுங்க மாமி,” என்றேன். “இருக்கது பூராத்தையும் போடுங்க. நான் இந்தத் தண்ணியவே எறைச்சு நெறப்புதேன். தொட்டியிலயே தெறந்து வச்சா நாலஞ்சு நாள்ல காரம் போயிரும். மீனை அப்புறம் விட்டுக்கிடுவேன். தண்ணிய வச்சுக்கிட்டுக் காத்துக்கிடக்க எங்க ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.”

மாமி போணியை இறக்கவில்லை. “பின்னே நீ போவும்ப?”

“நான் போகல மாமி.”

அதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கதவுக்குப் பின்னால் பாக்கியத்தின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. அவளுக்கும் அது புதுச் செய்தி.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போணியைக் கவிழ்த்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கிணற்றில் ஊற்றினார். வெள்ளையாகச் சுருண்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெள்ளைச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினார். என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி, வாளியை இறக்கி, அடிவரை நாலைந்து தரம் முக்கி எடுத்துக் கலக்கி, ஒரு வாளி நிறைய இறைத்தார். வாளியை என்னிடம் தரவில்லை. தானே தூக்கிக்கொண்டு நடந்து, அவர் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவில், யாருடைய படியும் இல்லாத வெறும் மண்ணில் வைத்தார். சேலையை இறக்கி உதறிக்கொண்டு, நனைந்த ஓரத்தோடு ஆராதனைக்கு நடந்தார்.