குற்றாலத்தில் வாங்கிய வளையம்

அப்பாவுக்கு பம்பாயில் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை, சாரல் விழும் மாதத்தில்தான் தென்காசிக்கு வருவார். அந்த நாட்களில் பாதியைத் தூக்கம் கொண்டுபோகும். மீதியை அவருடைய கூட்டாளிகள் எடுத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கும் எனக்கும் என்று மிஞ்சுவது குற்றாலத்துக்குப் போய்வரும் ஒரு நாள்தான்.

நான் நாலாவது படித்த வருஷம், அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கடைகளை வேடிக்கை பார்த்தபடி வந்தோம். ஒருவர் வெள்ளியாய்ப் பளபளக்கும் வளையங்களைப் பரப்பிவைத்து, இதைக் கையில் மாட்டினால் காந்த சக்தி ரத்தத்தில் இறங்கிச் சர்க்கரை வியாதி ஓடியே போய்விடும் என்று கூவிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரியவந்திருந்தது. அப்பா பேரம்கூடப் பேசவில்லை. ஒன்றை வாங்கி, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அம்மாவின் கையைப் பிடித்துத் தானே மாட்டிவிட்டார்.

"இனிமே கொறையுதா இல்லியான்னு பாரு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கையை மட்டும் மடியில் தனியாக வைத்திருந்தாள்.

அப்பா பம்பாய்க்குத் திரும்பிய கொஞ்ச நாளில் அவள் மணிக்கட்டு சிவந்தது. பிறகு பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பியது. அரிப்புத் தாங்காமல் கையைச் சுவரில் தேய்ப்பாள். எண்ணெய் தடவிப் பார்த்தாள். வளையத்துக்கு நூல் சுற்றினாள். அடுத்த வீட்டு அக்காவிடம் நகச்சாயம் வாங்கி உள்பக்கம் பூசினாள். அந்தக் கை புண்ணானதும் வளையம் மறு கைக்குப் போனது. சீக்கிரமே அதுவும் சிவந்தது. கடைக்காரர் சொன்னதையெல்லாம் இப்படி நம்புகிறாளே என்று, வீட்டிலேயே அதிகம் விவரம் தெரிந்தவளான நான் அவளுக்காக வருத்தப்பட்டேன்.

மாத்திரைக்காகப் போன இடத்தில் டாக்டரம்மா கையைப் பார்த்துவிட்டார்.

"தகரம் ஒத்துக்காம வந்த அலர்ஜி இது. சுகர் இருக்க ஒடம்புல புண்ணு லேசுல ஆறாது. சீழ் வச்சுதுன்னா கைக்கே ஆபத்து. இதப் போட்டா சுகர் கொறையும்னு நம்புதீங்களாக்கும்?"

அம்மா சிரித்தாள். "அதெல்லாம் இல்லம்மா. மாத்திரைய ஒரு வேள விடுததில்ல."

நம்பாதவள் பிறகு எதற்கு இதைப் போட்டுக்கொண்டு திரிகிறாள்? கேட்க வாயெடுத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

வீட்டுக்கு வந்து வளையத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். களிம்பு தடவத் தடவப் புண் ஆறி, கறுத்த தழும்பு மட்டும் நின்றது. அடுத்த சாரல் வந்தது. அப்பா வருகிற வாரம் அம்மா மறுபடியும் வளையத்தை மாட்டிக்கொண்டாள். அவர் ரயிலை விட்டு இறங்கிய அன்று மணிக்கட்டில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

அப்பா குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா அந்தக் கையாலேயே பரிமாறினாள். குழம்புக்குப் பிறகு ரசம், ரசத்துக்குப் பிறகு மோர். மோர் ஊற்றும்போதுதான் அவர் பார்த்தார்.

"இதென்னது கையில? ஏது?"

"நீங்க வாங்கித் தந்ததுதான்."

"நானா? எப்போ?"

"போன சாரலுக்கு. குத்தாலத்துல."

அப்பாவுக்கு ஞாபகம் வரவில்லை. அதற்குள் புண் கண்ணில் பட்டுவிட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, தோலோடு ஒட்டியிருந்த வளையத்தை மெல்ல மெல்லக் கழற்றினார்.

"கூறு இருக்காடி ஒனக்கு? ஒரு தகரத்துக்காவ இப்பிடியா கையப் புண்ணாக்கிட்டு நிப்ப?"

ஜன்னல் வழியே அதை வெளியே எறிந்தார். பிறகு அவளை உட்காரவைத்து, களிம்பைத் தேடி எடுத்துவந்து தானே தடவினார். அத்தனை அரிப்பையும் எரிச்சலையும் வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டிருந்த அம்மா, அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்து அவள் அப்படி அழுதது அதுதான் முதல் தடவை.

மருந்து எரிகிறது போல என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு பேரும் குனிந்து, அவள் கையில் மாறிமாறி ஊதினோம்.