குமிழி நிற்காத டீசல்

மலேசியாவின் பத்து பகாட் ஊரிலுள்ள பட்டறையில், என் பழைய லாரி ஓடும்போதே நின்றுபோவது ஏன் என்று மெக்கானிக் தேடிக்கொண்டிருந்தார். டீசல் லைனில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகினார். அதில் குமிழிகள் ஓடின. "காத்து இழுக்குதுக்கா," என்றார். அந்த டீசல் வாடையில் எனக்குச் சிகாமட் எஸ்டேட் சாலை நினைவுக்கு வந்தது.

என் சிறுவயதில் ஒரு நாள் செம்பனைக் காட்டில் அம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது. அப்பா எங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். பாதி வழியில் இன்ஜின் நின்றது. வேறு வண்டி எதுவும் வரவில்லை. காற்றை வெளியேற்ற அப்பா திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்த அழுத்த, டீசல் நுரைத்துக்கொண்டே வந்தது.

"அலமாக், எங்கயோ காத்து உள்ள போவுது," என்று குழாய் முழுக்கத் தடவிப் பார்த்தார்.

என் கையைப் பிடித்திருந்த அம்மா, "அப்பாவ பதறாம பாக்கச் சொல்லுமா," என்றார், நாக்குக் குழற.

டாங்கிக்குப் பக்கத்தில் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அப்பா வெடித்த இடத்தை வெட்டிவிட்டு மீதியை மாட்டினார். இன்ஜின் உறுமியது.

"ஓடிருச்சு செல்வி! கொஞ்ச தூரந்தான்!" என்று அம்மாவுக்குக் கேட்கும்படி கூவி, சிரித்தபடி ஏறினார்.

அதற்குள் அம்மாவின் மூச்சு நின்றிருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நான் கதவைச் சாத்தினேன்.