கலாய்ப்பு நாற்காலியில் அக்காள்

பழைய மலையாளத் தொலைக்காட்சிக் கலாய்ப்பு நிகழ்ச்சிகளை இப்போது கைப்பேசியில் தேடித் தேடிப் பார்க்கிறேன். பெரிய நடிகர் நடுவில் நாற்காலியில் இருப்பார். கூட நடித்தவர்கள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து அவருடைய டோப்பாவையும், ஓடாத படங்களையும், பழைய காதலையும் முகத்துக்கு நேரே வாரிவிடுவார்கள். அவர் கோபப்படக் கூடாது, சிரித்தாக வேண்டும். கடைசியில் அவர் எழுந்து ஒருவர் விடாமல் திருப்பிக் கொடுப்பார். அதற்காகத்தான் நாங்கள் அவ்வளவு நேரம் காத்திருப்போம்.

ஓணத்துக்கு இது வந்தால் கேரள எல்லையோரம் பாறசாலையில் எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போகும். ஆனால் நடுவே லுங்கி கட்டிக்கொண்டு ஒரு 'பாண்டி' வருவான். தமிழர்களை மலையாளிகள் கேலியாகச் சொல்லும் பேர் அது. அவன் வாயைத் திறந்து அரைகுறைத் தமிழ் பேசினாலே அரங்கம் குலுங்கும். அப்போது அக்காள் மட்டும், அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும், அடுக்களைக்குப் போய்விடுவாள்.

காரணம் உண்டு. அவள் நெய்யாற்றின்கரையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் வீட்டில் பேச்சு தமிழ். எல்லைக்கோட்டைக் கிழித்தவர்கள் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கிழித்துவிட்டார்கள், அதற்கு நாங்கள் என்ன செய்ய? அவளுடைய மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்கும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே, கூட்டங்களில் வாய் திறக்காதவளாக அவளை ஆக்கிவிட்டார்கள். நான் கெட்டிக்காரி. திருவனந்தபுரத்தில் வங்கி வேலை. வீட்டில் தமிழ் பேசுகிறவள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

போன வருடம் அக்காளுக்கு ஓய்வு. வழியனுப்பு விழாவை அந்தப் பழைய நிகழ்ச்சி மாதிரியே நடத்த ஏற்பாடு. கல்யாண மண்டபத்திலிருந்து சிவப்பு நாற்காலிகூட வந்தது.

"நான் வரல்லன்னு சொல்லட்டா?" என்று காலையிலேயே கேட்டாள். "கடைசியில என்னெப் பேசச் சொல்லுவாவ. ஊமை மாதிரி நிக்கணும்."

நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

முதலில் ஒரு பெண் அக்காளைப் போலவே குடையை இடுக்கிக்கொண்டு நடந்து காட்டினாள். நன்றாகவே இருந்தது. அடுத்து ஓர் இளம் குமாஸ்தா அவள் பேசுவது போல இழுத்து இழுத்துப் பேசிவிட்டு, சேச்சி இனிப் பாண்டி நாட்டுக்கே திரும்பிப் போய்விடுவார், இல்லையா என்று கேட்டான். கூட்டம் சிரித்தது. அவன் செவிட்டில் ஒன்று விடலாமா என்றிருந்தது எனக்கு.

அக்காளின் முறை வந்தது. எழுந்தாள், மலையாளத்தில் இரண்டு சொல் ஆரம்பித்தாள், நிறுத்தினாள். கூட்டம் காத்திருந்தது. பிறகு வந்தது முழுக்க எங்கள் தமிழ்.

"எலே மக்கா, நான் எங்கலே போவேன்? எனக்க வீட்டு முற்றத்துல அப்பனுக்க கல்லறை உண்டு. பக்கத்துலயே அவருக்க அப்பனுக்க கல்லறையும் உண்டு. நீ கொல்லத்துலேருந்து நேத்து மாற்றம் கிட்டி வந்தவனாக்கும். போணும்னா மொதல்ல நீதான் பஸ் ஏறணும்."

மண்டபம் அதிர்ந்தது. கொல்லத்துக்காரன் தலைக்குமேல் கைகூப்பினான்.

"எனக்க மலையாளத்தைக் கேட்டு இத்தன வருசம் சிரிச்சிய. எனக்க மீன்கறியைத் தின்னப்ப ஒருத்தரும் சிரிக்கல்லியே. அந்தச் சட்டி என்ன மலையாளமா பேசிச்சு?"

தினமும் அந்தக் கறிக்குக் கை நீட்டிய மேலதிகாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அவள் அவரையும் விடவில்லை, கோப்பின்மேல் தலைவைத்துத் தூங்குகிறவரையும் விடவில்லை. ஒருவருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. நான் பார்த்த எந்த நட்சத்திரமும் இப்படி அடித்து ஆடியதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்தில் யாரோ ஓர் ஊழியரின் மனைவி சிரிப்பு அடங்காமல் என் பக்கம் சாய்ந்து, அவரை உங்களுக்குத் தெரியுமா என்று மலையாளத்தில் கேட்டார். வங்கியில் பேசிப் பழகிய சுத்தமான மலையாளம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"எனக்க கூடப்பொறந்த அக்காவாக்கும்" என்றேன்.