எண்ணெய் குடித்த பிரேக்

படகு ஏற்றும் டிரெய்லருக்கு டிஸ்க் பிரேக் நல்லதா, டிரம் பிரேக் நல்லதா என்று மருமகன் ஒரு வாரமாக என்னைக் குடைகிறார். டிரம் மலிவாம், ஹேண்ட்பிரேக்குக்கும் தோதாம். இருக்கட்டும். படகை இறக்கும்போது சக்கரம் தண்ணீரில் முங்கும். டிஸ்க் சீக்கிரம் காய்ந்துவிடும். டிரம் மூடிக் கிடக்கிற சட்டி. உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

வெள்ளைக்காரன் ஆட்சியில், கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து சுட்டுக்கொண்டிருந்த அவசரகாலத்தில், பெடாஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் நான் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. மேட்டுக்காட்டில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டும் பெண்களையும் பால் வாளிகளையும் ஒரே டிரெய்லரில் ஏற்றி டிராக்டர் இழுத்து வரும். காவலுக்கு ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள், எங்கள் தொழிலாளர் லயத்து ஆள்தான். இறக்கத்தில் டிரெய்லரின் டிரம் பிரேக் கிரீச்சிடும். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் நம்மைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று அவருக்குப் பயம். பயப்படட்டும், டிரைவரிடம் சொல்லியிருக்கலாம். இவரோ கதவுக் கீலுக்கு விடுவதுபோல, டிரம்மின் பின்தகட்டு ஓட்டை வழியாக எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டார்.

அன்று டிரெய்லரில் பதினான்கு பெண்கள். நான் எண்ணித்தான் ஏற்றுவேன். இறக்கத்தில் டிரைவர் பிரேக் கம்பியை இழுத்தார். சத்தமே இல்லை. கான்ஸ்டபிளுக்கு முகமெல்லாம் திருப்தி. பின்னால் இருந்த பாரம் டிராக்டரைத் தள்ளத் தொடங்கியது. கீழே கைப்பிடியில்லாத மரப்பாலம். டிரைவர் வண்டியை மண்மேட்டில் உரசி எப்படியோ நிறுத்தினார். பால் கொட்டியது, ஒருத்திக்குக் கை பிசகியது. தலைகளை எண்ணினேன். நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினேன்.

டிரைவர் டிரம்மைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் வழிந்தது.

"சத்தம் நின்னுச்சா இல்லையா, கிராணி ஐயா?" என்றார் கான்ஸ்டபிள்.

"பிரேக்கும் சேர்ந்து நின்னுபோச்சுலா" என்றார் டிரைவர்.

டிஸ்க்கிலும் எண்ணெய் பட்டால் வழுக்கும்தான். ஆனால் திறந்து கிடப்பதால் பார்த்தாலே தெரியும். டிரம்மில் உரசிப் பிடிக்கிற லைனிங் எண்ணெயைக் குடித்துவிட்டால் அதை மாற்றத்தான் வேண்டும். சிரம்பானிலிருந்து புது லைனிங் வர ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை பாதிப் பாலோடு டிராக்டர் முதல் கியரில் ஊர்ந்தது. பெண்களை இறக்கத்தின் தலையிலேயே இறங்கி நடக்கச் சொன்னேன். ஊரடங்குக்காக லயத்து முள்வேலிக் கதவைச் சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டிய அவசரம் அவர்களுக்கு. உயிர் பிழைத்ததற்கு ஒருத்தியாவது நன்றி சொன்னாளா? தினமும் திட்டுதான். என் காதில் விழட்டும் என்றே ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்:

"அடுத்த பொறப்புல பால் வாளியாப் பொறக்கணும்டி. அப்பத்தான் இந்தக் கிராணி நம்மள வண்டியில ஏத்துவாரு."