பதினோரு மணி வரை தாங்கும் கத்தி

எங்கள் கடைப் பலகையைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இந்தத் தெருவைக் கடந்தவர்கள் குறைவு. சிரிக்கட்டும். அப்படி ஒரு விளம்பரம் புதுச்சேரி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று எனக்கு இருக்கிற கர்வத்தை யாராலும் குறைக்க முடியாது. அதை எழுதியவள் நான். அதற்கு முன்னால் அதே பலகையில் ஒரு பொய்யை எழுதி மாட்டியிருந்தவளும் நானேதான்.

என் கணவர் கத்தி செய்கிறவர். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷம் இரும்பைச் சூடு பண்ணிக் குளிர வைக்கும் பிரிவில் இருந்தார். எந்த இரும்பு எந்தச் சூட்டில் என்ன குணத்துக்கு வரும் என்பது அவருக்கு அத்துப்படி. ஒருநாள் அந்த வேலையை விட்டுவிட்டு, அதே தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு கொட்டகை பிடித்து, கரண்ட் உலை ஒன்று வாங்கிப் போட்டு, சமையல் கத்தி செய்ய ஆரம்பித்தார். நான் அதுவரை ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கும் கடைத் திறப்பு நோட்டீசுக்கும் வாசகம் எழுதிக்கொண்டிருந்தவள். செய்வது அவர், விற்பது நான் என்று பேசிக்கொண்டோம். வீட்டின் முன்னறை கடையானது.

அவருக்கு வாய் கிடையாது. அவருக்கும் சேர்த்து ஆண்டவன் எனக்குக் கொடுத்துவிட்டான். கடை திறந்த வாரமே மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் நானே எழுதினேன்: “வெட்டு ஒன்று, துண்டு இரண்டு! முதல் மீனிலிருந்து கடைசி மீன் வரை சாணையே வேண்டாம்!” இந்த ஊரில் காய்கறியைச் சொல்லிக் கத்தி விற்க முடியாது, மீனைச் சொன்னால்தான் எடுபடும் என்பது என் கணக்கு. கணக்கு தப்பவில்லை. கடற்கரைப் பக்கத்து ஓட்டல்களில் பிரெஞ்சு சாப்பாடு சமைக்கிறவர்கள்கூட வந்து வாங்கினார்கள்.

பலகை மாட்டிய அன்று அவர் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “கடைசி மீன் வரிக்கும்னு யார் சொன்னா?” என்று கேட்டார்.

“நான் சொல்றேன்.”

“நீ மீன் வெட்டிப் பாத்தியா?”

“தக்காளி வெட்டிப் பாத்தேன்.”

பார்த்தது மட்டுமா? போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியும் இருந்தேன். தக்காளி மேல் கத்தியை வைத்தால் போதும், தன் பாரத்திலேயே இறங்கும். மறுநாளிலிருந்து அவர் வண்டியைப் பின்சந்து வழியாகக் கொண்டுவந்து பின்வாசலில் நிறுத்த ஆரம்பித்தார். எங்கள் வீடு தெருவிலிருந்து சந்து வரை நீளமாகப் போகும் வீடு. பின்னால் நிழல் இருக்கிறது, வண்டி நிறுத்த வசதி என்றார். நானும் நம்பினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, எங்களிடம் கத்தி வாங்கிப் போயிருந்த ஓர் அம்மாள் வந்தார். பிள்ளைச்சாவடிக்காரர், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஆய்ந்து கொடுக்கிறவர். வயது என்னைவிட நாலைந்து கூட இருக்கும். என் கணவர் ஜும்மா தொழுகை முடிந்து வந்து உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் முந்தானையிலிருந்து எங்கள் கத்தியை எடுத்து மேசை மேல் டொக்கென்று வைத்தார்.

“போர்டுல என்னா எழுதி வெச்சிருக்கீங்க?”

“ஏன், படிக்கத் தெரியாதா?” என்றேன். என் வாய் அப்படி.

“தெரியும். தெரிஞ்சதாலதான் நம்பி வாங்கினு போனேன். எட்டு மணிக்கே மொக்கையாயிடுச்சி. ஒரு நாள் இல்ல, நாலு நாளா இதே கதைதான். வாய் வாழப்பழம், கை கருணக்கிழங்குன்னு சும்மாவா சொன்னாங்க!”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “எங்க கத்தி அப்பிடி ஆவாதுக்கா. நாளைக்கு நானே வரேன். பக்கத்துல ஒக்காந்து என் கண்ணால பாக்கறேன்.”

“வா பாயம்மா, வா. விடியறதுக்கு முன்னாடி வந்துடு,” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

திரும்பினால் என் கணவர் கை கழுவிக்கொண்டு வந்து நிற்கிறார். கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அதன் விளிம்பைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

“நான் பழையபடி கம்பெனிக்கே போயிடறேன். சூப்பர்வைசர் கூப்டுகினுதான் இருக்காரு.”

“யா அல்லா! ஒரு மீன்காரம்மா சொன்னதுக்கா?”

“மீன் வெட்டறவங்க சொல்லாம வேற யார் சொல்லணும்?” என்றார். “மோசமா ஒரு கத்தி செஞ்சிட்டா அத மறுபடி உருக்கிக்கலாம். பொய்ய என்னா பண்றது? நீ அந்த போர்டு மாட்டுனதுலேர்ந்து நான் முன்வாசல்ல வந்தேனா, சொல்லு? கூச்சமா இருக்குது எனக்கு.”

நிழலாவது, வசதியாவது. மூன்று மாதமாக என் மனுஷன் தன் வீட்டுக்குத் திருடன் மாதிரி பின்பக்கமாக வந்துபோயிருக்கிறார், நான் பலகைக்குத் தூசி தட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. அவர் கத்தி மேல் எனக்கு இருந்த நம்பிக்கை அவருக்கே இல்லையே என்ற கோபம்.

மறுநாள் இரண்டு புதுக் கத்திகளைத் துணியில் சுற்றிக்கொண்டு தேங்காய்த்திட்டுக்குப் போனேன். மீன் ஏலம் சத்தமாக நடந்துகொண்டிருந்தது. ஆய்கிற பெண்கள் ஆளுக்கு ஒரு மரக்கட்டையைப் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் எனக்கு ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, என் கையிலிருந்து ஒரு கத்தியை வாங்கினார். வாங்கினவர் குனிந்து, சிமெண்டுத் தரையின் விளிம்பில் அதை வைத்துச் சரக் சரக்கென்று தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

“அய்யய்யோ! அக்கா! என்னா பண்றீங்க?” என்று நான் கத்திய கத்தலில் ஏலக்காரரே திரும்பிப் பார்த்தார்.

“கண்ணு தொறக்கறேன். புதுக் கத்தின்னா தரையில தேய்ச்சிக் கண்ணு தொறக்காம மீன்ல வெக்கலாமா? கையத்தான் வெட்டும்.”

பக்கத்திலிருந்த பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்கள் வழக்கம் அது. தப்பும் சொல்ல முடியாது. அவர்கள் கைக்கு வரும் கடைக் கத்தி எதுவும் கூராக வருவதில்லை, மொட்டையாகத்தான் வரும். தேய்த்தால்தான் வெட்டும். அதனால் புதுசானாலும் பழசானாலும் காலையில் இருபது தேய்ப்பு, பிறகுதான் முதல் மீன். என் கணவர் மூன்று கல்லில் மாற்றி மாற்றித் தீட்டி எடுத்த கூர்மையை இந்த அம்மாள் நாலு நாளாகத் தினமும் சிமெண்டில் தேய்த்துக் கெடுத்திருக்கிறார்.

“எங்க கத்தி கண்ணத் தொறந்துகினேதான் வருதுக்கா,” என்று இரண்டாவது கத்தியை நீட்டினேன். “தேய்க்காம அப்பிடியே வெட்டுங்க.”

“கடைசி மீன் வரிக்கும் தாங்கலன்னா?”

“போர்டக் கழட்டிடறேன்.”

“எல்லாரும் கேட்டுக்குங்கடி!” என்று அவர் வரிசைக்கே அறிவித்துவிட்டார்.

முதலில் ஒரு சங்கரா. கத்தி உள்ளே போனது. அவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த மீனை எடுத்தார். வஞ்சிரத்தைத் துண்டு போட்டபோது நடுமுள்ளில் சத்தமே இல்லை. எட்டு மணி தாண்டியது. ஒன்பது தாண்டியது. அதற்குள் வரிசையில் மற்றவர்கள் இரண்டு மூன்று தடவை தரையில் தேய்த்துவிட்டார்கள், இவர் தேய்க்கவில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. பத்து மணிக்கு என் கணவருக்குப் போனில் பேசிப் பதிந்து அனுப்பினேன்: “அல்ஹம்துலில்லா! உங்க கத்தியில ஒரு குத்தமும் இல்ல. தரையில தேய்ச்சிருக்காங்க, அவ்ளோதான். இப்பவும் ஓடிகினே இருக்குது.” அவரிடமிருந்து ஒரே வார்த்தைதான் பதிலாக வந்தது: “கடைசி மீன்?”

அதற்கப்புறம் நான் அந்த அம்மாளின் மீன் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாறை மீனில் அவர் கை நின்றது. தோல் மேல் கத்தி வழுக்கியதை நானும் பார்த்தேன்.

“பாயம்மா, மணி என்னா?”

“பதினொண்ணு.”

“நின்னுடுச்சி.”

கூடையில் இன்னும் ஏழெட்டு மீன் கிடந்தது. “இன்னும் வெட்டுதேக்கா,” என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

“வெட்டுது. நான் அழுத்தறேன், அதால வெட்டுது. நான் அழுத்துனா அது என் கை வேல. உங்க கத்தி வேல இல்ல.” சொல்லிவிட்டுக் கத்தியைக் கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்தார். “ஆனா ஒண்ணு. நான் இங்க ஒக்காந்த நாள்லேர்ந்து பதினொண்ணு வரிக்கும் சாணை கேக்காத கத்தி எதுவும் என் கைக்கு வந்ததில்ல. நெசத்தச் சொல்லணும் இல்ல?”

ஆட்டோவில் திரும்பும்போது வழி நெடுக விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆயுசுக்கும் துருப்பிடிக்காத கதவு, என்றும் மங்காத பெயிண்ட், உலகத்தரம், நிகரே இல்லை. அச்சகத்தில் இருந்தபோது இந்த ‘நிகரே இல்லை’யை எத்தனை பேருக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்! அவர்களில் ஒருவராவது பலகையைக் கழற்றினாரா? என் பலகை இருந்துவிட்டுப் போனால்தான் யார் கேட்கப் போகிறார்கள்? இப்படியெல்லாம் என் வாய் எனக்கே வக்காலத்து வாங்கியது. ஆனால் கேட்கிற ஆள் என் வீட்டிலேயே இருக்கிறாரே, பின்வாசலில்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, பலகை முழுக்க மஞ்சள் பெயிண்டை அடித்தேன். காய்ந்தபிறகு சிவப்பில் எழுதினேன்: “காலையிலிருந்து பதினோரு மணி வரை சாணை வேண்டாம். அதற்கு மேல் வேண்டும். புதுக் கத்தியைத் தரையில் தேய்க்காதீர்கள். தேங்காய்த்திட்டில் மீன் ஆய்ந்து பார்த்தது.”

எதிர்க்கடைத் தையல்காரர் சிரித்தார். “ஏம்மா, நம்ம சரக்க நாமளே மட்டம் தட்டலாமா?”

“உங்க சட்டை எத்தினி தொவையல் தாங்கும்னு நீங்களும் எழுதுங்க, பாக்கலாம்!” என்றேன். அவர் தலையைக் குனிந்து மிஷினை மிதிக்கப் போய்விட்டார்.

அன்றும் என் கணவர் பின்வழியாகத்தான் வந்தார். “கடைசி மீன்?” என்றார். “இல்ல, பதினொண்ணுதான்,” என்றேன். தலையாட்டிக்கொண்டார். “திங்கக்கெழம சூப்பர்வைசரப் பாக்கறேன்.” பலகையைப் பற்றி நானாகச் சொல்லக் கூடாது என்று எனக்கு வீம்பு. “பாருங்க. ஆனா போறப்ப முன்வாசல் வழியா போங்க,” என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சொன்னபடி முன்வாசல் வழியாக இறங்கினார். அந்த நேரம் பார்த்து அந்த மீன்கார அம்மாள், கூட இரண்டு பெண்களோடு, பலகைக்குக் கீழே நின்று ஒவ்வொரு எழுத்தாக விரலை நீட்டிச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். என் கணவர் அவர்களுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டார். படிக்கப் படிக்க அவர் கண்ணும் பலகையில் அந்த வரிகளோடு போனது.

“ம். இப்ப சரி,” என்றார் அந்த அம்மாள். “மூணு கத்தி குடு. தேய்க்க மாட்டோம், பயப்படாத. ஆமா, இத செஞ்ச மனுஷன் யாரு? நானும் ரெண்டு தபா வந்துட்டேன், கண்ணுலயே காட்ட மாட்டேங்கறியே!”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை என் ஆயுசில் முதல்முறையாக மூடிக்கொண்டேன்.

“நான்தாங்க செஞ்சேன்,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மூன்று பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் படியேறி உள்ளே வந்து, ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு, கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பைப் பார்த்து மூன்றைத் தேர்ந்து கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்: “பதினொண்ணுல நிக்கிதுன்னு கேட்டேன். சூட்ட லேசா மாத்திப் பாக்கணும். கொஞ்ச நாள் டைம் குடுங்க, பன்னண்டு வரிக்கும் ஓடறாப்ல ஒண்ணு செஞ்சி தரேன்.”

என் மனுஷன் வாயிலிருந்து விளம்பரம்! எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. “அதையும் போர்டுல எழுதிடட்டுமாங்க?” என்று கேட்டேன்.

“செஞ்சப்புறம் எழுது,” என்றார்.