முன்சீட்டு

நாற்பத்தெட்டு வயதில் ஜலஜா கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது மந்தைவெளியில் சிரிக்காதவர்கள் குறைவு. கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. லைசென்ஸ் கைக்கு வந்ததும், பி.எஃப்.பில் கடன் வாங்கி ஒரு பழைய கார் எடுக்க நினைத்தாள். அது தொண்ணூற்று நாலாம் வருஷம்.

கணவர் ஸ்ரீரங்கன் இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருந்தார். அவருக்கு சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

முதல் வண்டி தி.நகரில், ஜவுளிக்கடை ராஜரத்தினம் வீட்டில். நாலு வருஷ மாருதி. "அம்மாதான ஓட்டப் போறாங்க, அவுங்களே பாக்கட்டும்" என்று அவர் சாவியை ஜலஜாவிடமே நீட்டினார். பனகல் பார்க்கைச் சுற்றி ஒரு தடவை போய் வந்தாள். கியர் விழுந்ததே தெரியவில்லை. இறங்கும்போது சந்தோஷத்தில் அவள் முகம் சிவந்திருந்தது.

"தகர டப்பா" என்றார் ஸ்ரீரங்கன், தெருமுனை தாண்டியதும்.

இரண்டாவது, அடையாறில் பதினெட்டு வருஷ அம்பாசடர். கறுப்பு. கியர் ஸ்டியரிங்கை ஒட்டியிருந்தது. முன்சீட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பலகை. கிளட்ச் எட்டவில்லையே என்று ஜலஜா அதை முன்னால் இழுத்தாள். பக்கத்திலிருந்த ஸ்ரீரங்கனின் முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது.

"பின்னாடி தள்ளு. நான் காலை நீட்டிண்டு உக்கார வேண்டாமா?"

"அப்பறம் நான் எப்படின்னா ஓட்டறது?"

"நீ எதுக்குடி ஓட்டணும்? டிரைவர் வெச்சுக்கலாம். வண்டின்னா இதுதான். வாசல்ல நின்னா நாலு பேர் பாப்பா."

அம்பாசடர்தான் வாசலுக்கு வந்தது, ஸ்ரீரங்கன் பேரில். டிரைவர்கள் யாரும் அவர் வாய்க்கு நிலைக்கவில்லை. சாவி அவர் பீரோவில் இருந்தது. ஜலஜா பஸ்ஸில் போய் வந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் ஸ்ரீரங்கனுக்கு நெஞ்சு அடைத்தது. ஜலஜா அவரைப் பின்சீட்டில் படுக்க வைத்து, முன்சீட்டை முழுக்க இழுத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். வண்டி ஒருமுறை கரகரத்து அடங்கியது. மாசக்கணக்கில் ஓடாமல் பேட்டரி செத்திருந்தது.

தெருவுக்கு ஓடி ஆட்டோவை மறித்தாள். வந்தவன் காரையும் அவளையும் பார்த்தான். "இன்னாம்மா, இம்மாம் பெரிய காரு நிக்கிது, ஆட்டோ தேடிக்கினு கீற?" என்றவன், பின்சீட்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்ரீரங்கனைத் தூக்க ஒரு கை கொடுத்தான்.

பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த தங்கை நீரஜாவிடம் சொன்னார்: "ஆட்டோல குலுங்கிண்டே உசிர் போய்ட்டு வந்தது. ஆத்து வாசல்ல கார் நிக்கறது, இவ லைசென்ஸும் வெச்சிண்டிருக்கா. என்ன பிரயோஜனம்?"

நீரஜா அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். ஜலஜா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வண்டியை எனக்குன்னு வாங்கலையே" என்று சுளையை அவர் கையில் வைத்தாள்.

அவர் அதைத் தின்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். காரை விற்க அவர் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. ஜலஜாவின் சம்பளத்தில் பி.எஃப். கடனைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.